பேஜ்மேக்கர் கைமாறிய கதை

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியிலும், பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலும், இவற்றை ஒத்த எத்தனையோ ஊர்களிலும், கேஸ் என்னும் எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் கோத்த அச்சுக்கோப்பாளரின் தொழில் கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. நிலையங்களுக்கு மாறிய காலத்தில், கல்யாணப் பத்திரிகை முதல் கண்ணீர் அஞ்சலி வரையில் யாவற்றையும் உருவாக்கித் தந்த பிரதான சாதனம் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளே.

1985-இல் அதை வெளியிட்ட சியாட்டில் நகரத்து ஆல்டஸ் ஸ்தாபனத்தை 1994-இல் அடோபி என்னும் மென்பொருள் கம்பெனி வாங்கியது. ஆல்டஸ் விற்றுவந்த ஃப்ரீஹேண்ட் என்னும் சித்திர மென்பொருள் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர் போட்டி. இரண்டும் ஒரே கையில் சேரலாகாதென்று கண்ட அமெரிக்க வர்த்தக ஆணையம், ஃப்ரீஹேண்டை அதை ஆக்கிய ஆல்ட்சிஸுக்கே திருப்பித் தரவும், அத்தகைய மென்பொருளைப் பத்தாண்டுக் காலம் தன் முன்னனுமதியின்றி அடோபி வாங்காதிருக்கவும் கட்டளையிட்டது. ஆல்ட்சிஸ் பின்னர் மாக்ரோமீடியா என்னும் மென்பொருள் கம்பெனியிடம் சேர்ந்தது. அந்த மாக்ரோமீடியாவையோ, கெடு கழிந்த 2005-இல், சுமார் 340 கோடி டாலருக்கு அடோபியே வாங்கிற்று. 2007-இல் ஃப்ரீஹேண்டின் வளர்ச்சி நின்றது. அதையே நம்பியிருந்த சித்திரக்காரர்கள் 2011-இல் அடோபி மீது வழக்குத் தொடுத்து நீதிமன்றம் ஏறினார்கள். 2022-இல் ஃபிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருள் கம்பெனியை 2,000 கோடி டாலருக்கு வாங்க அடோபி முனைந்தபோது பயனாளர் கலங்கியதற்கு இந்தப் பூர்வகதையே போதிய காரணம். ஐரோப்பிய, பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஆட்சேபத்தால் 2023 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

பேஜ்மேக்கரைக் காக்க மட்டும் எவரும் முன்வரவில்லை. 1999-இல் அதன் இடத்தைப் பிடிக்க அடோபியின் இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள் வந்தது. 2001-இல் வெளியான 7.0 பதிப்பே பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பாயிற்று. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடை அறியாத அந்தப் பதிப்பில், தட்டச்சு முறையில் பழகிய விரல்கள் தனித்தனிக் குறியேற்றங்கொண்ட எழுத்துருக்களால் பக்கங்களைச் சமைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், மணமகன் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் புரியாத குறியும் வரிசையாய் நிற்கும். ஆகவே அம்மென்பொருளையும் எழுத்துருவையும் இழப்பது, பழகிய வசதியொன்றை இழப்பதோடு முடிவதன்று. வாடிக்கையாளர் மறுபடியும் கேட்டுவரக்கூடிய பல்லாண்டு வேலையை இழப்பதுமாகும். போட்டிக் கம்பெனியை வாங்குகிறவர், அதன் பழைய கோப்புகளைத் திறக்கும் வழியை என்றும் காத்துத் தரவேண்டும் என்னும் நிபந்தனை, அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்படவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.