ஆறாத மனக்காயங்களும் ஆற்றும் ஊழியமும்



2023ஆம் ஆண்டு நம் பகுதி மக்கள் எளிதில் மறக்க இயலாத ஆண்டு. அவ்வாண்டு ஜூலை 29ஆம் நாள் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கில் நேர்ந்த வெடி விபத்தில் 9 பேர் இறந்தனர். அக்டோபர் 7ஆம் நாள், ஓசூரை அடுத்து கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பற்றி எரிந்ததில் 14 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தீபாவளிக் கால வேலைக்காகச் சென்றிருந்த தமிழக இளைஞர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தித்தாளில் வருகிறது. ஓடிப் பிழைத்தவர்களும், உடலை அடையாளம் காட்டிய பெற்றோரும், புகை நாற்றம் வந்தாலே நடுங்குகிறவர்களும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அவர்களைக் குறித்தே இங்கு சிந்திக்க விழைகின்றோம்.

நம் தருமபுரி மறைமாவட்டம் 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அதற்கு முன்பே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வெளியூர்த் தொழிலாளர்களை ஈர்க்கத் தொடங்கிவிட்டது. இன்று திருப்பலிக்கு வருவோரில் பலர் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறையில் தங்கி, ஷிப்ட் முறையில் உழைப்பவர்கள். பிரஸ் மெஷினில் விரலை இழந்தவர், பெங்களூரு நெடுஞ்சாலை விபத்தில் நண்பரை இழந்தவர், வீட்டில் அடி உதையைத் தாங்கிக்கொண்டு வேலைக்குச் செல்லும் பெண் எனப் பலரும் அவர்களுள் உண்டு. சொந்த ஊரில் துயரம் நேர்ந்தால் உற்றார் உறவினர் கூடுவர். இங்கோ கதவைத் தட்ட ஆளில்லை. எனவே பங்குதான் அவர்களுக்கு உறவாக வேண்டும்.

மன அதிர்ச்சி என்பது என்ன?

உயிருக்கே ஆபத்து என்னும் நிலையை நேரில் கண்டவர்களின் மனமும் உடலும் பல நாட்களுக்கு எச்சரிக்கையிலேயே இருக்கும். நடந்தது மீண்டும் நடப்பதுபோல் கண்முன் வரும், தூக்கம் கெடும், சிறு ஓசைக்கும் உடல் பதறும், அந்த இடத்தையும் பேச்சையும் மனம் தவிர்க்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணிகிறது. ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால் மருத்துவ உதவி தேவை. மருத்துவ உலகம் 1980ஆம் ஆண்டு முதல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. இது பேய் பிடித்தலும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல.

விவிலியம் காட்டும் வழி

இறைவாக்கினர் எலியா உயிருக்குப் பயந்து ஓடி, பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து, சாவையே வேண்டினார் (1 அரசர்கள் 19). ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதர் இருமுறை தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். இடையில் உறங்கவும் விட்டார். பேச்சு அதற்குப் பின்னரே வந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல செயல் அதுவே. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் அவருடைய புண்ணைக் கிளறினார்கள்.

எம்மாவுக்குச் சென்ற சீடரோடு (லூக்கா 24) உயிர்த்த ஆண்டவர் முதலில் வழிநடந்தார். என்ன நடந்தது என்று தெரிந்திருந்தும் கேட்டார்; அவர்கள் சொல்லி முடிக்கும்வரை செவிமடுத்தார். மறைநூலை விளக்கியதும் அப்பத்தைப் பிட்டதும் அதன் பின்னரே. நாம் பல வேளைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். துக்க வீட்டில் நுழைந்தவுடன், இது கடவுளின் திட்டம், அழக் கூடாது என்கிறோம். கேட்பவரின் உள்ளத்தில் அது கல்லாய் விழுகிறது.

தோமாவுக்குத் தோன்றிய ஆண்டவரின் உடலில் காயங்கள் மறையவில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையின் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது, உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தில் இரத்தம் தெறித்தது. அந்தத் திருவுருவத்தை அவ்வாறே பாதுகாத்து வருகின்றனர். குணமடைதல் என்பது நடந்ததை மறப்பது அல்ல. அந்த நினைவோடும் வாழ முடியும் என்ற நிலையை அடைவதே குணமடைதல்.

அருட்சாதனங்களின் ஆற்றல்

பிழைத்தவர்கள் பலர், நான் மட்டும் ஏன் தப்பினேன் என்று தம்மையே குற்றம் சாட்டுகிறார்கள். வன்முறைக்கு உள்ளானவர்கள் பிறர் செய்த தீமைக்குத் தாம் வெட்கப்படுகிறார்கள். இவை பாவம் அல்ல. ஒப்புரவு அருட்சாதனத்தில் அருட்தந்தை இதைத் தெளிவாகச் சொல்லும்போது பெரும் பாரம் இறங்கும். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே கற்பித்தது. கடும் நோயுற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்கள் இன்றும் அஞ்சி ஒதுங்குகின்றன. கடும் மன வேதனை ஒருவரது பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவருக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2282, 2283) கூறுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டோர் இல்லை.

காயம் திருச்சபைக்குள்ளேயே நேர்ந்திருந்தால் என்ன செய்வது? பாதிக்கப்பட்டவர்களை வரவேற்றுச் செவிமடுக்க வேண்டும். ஆன்மீக, மருத்துவ, உளவியல் உதவி அளிக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு சட்டமாகவே வகுத்தார். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். மூடி மறைப்பது எவ்வகையிலும் ஊழியம் ஆகாது.

மருத்துவமும் செபமும்

குணமளிக்கும் வழிபாட்டிற்குச் சென்று வந்தபின் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. இது ஆபத்தானது. செபிக்கும்படி சொல்லும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமே, மருத்துவரை மதிக்கவும் அவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. அவரையும் படைத்தவர் ஆண்டவரே. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே உள்ளது. இந்திய ஆயர் பேரவை 1963ஆம் ஆண்டு தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் அந்நகரின் கோரமங்கலாவில் உள்ளது. அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. அன்று வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரை ஆழிப்பேரலை கொண்டு சென்றது. அதன்பின் நிம்ஹான்ஸ் வல்லுநர்கள் தமிழகக் கடலோரத்தில் சமூகப் பணியாளர்களுக்கு உளநலப் பயிற்சி அளித்தனர். மறைமாவட்டச் சமூகப் பணியாளர்களும் அருட்சகோதரிகளும் வீடு கட்டித் தந்ததோடு ஆற்றுப்படுத்தும் பணியையும் செய்தனர். செபமும் மருத்துவமும் கைகோர்த்த அந்த அனுபவம் நமக்குப் பாடம்.

பங்கு மக்கள் செய்யக்கூடியவை

உலக நலவாழ்வு நிறுவனம் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக்கு மூன்று படிகளை வகுத்தது: பார், கேள், இணை. இதைச் செய்ய மருத்துவப் படிப்பு தேவையில்லை.

பார்: அன்பியக் கூட்டத்திற்கோ திருப்பலிக்கோ திடீரென வராமல் போனவர் யார் எனக் கவனிப்போம். இரவு ஷிப்ட் செல்வோரின் வசதிக்கேற்ப அன்பியக் கூட்டத்தின் நேரத்தை மாற்றுவோம்.

கேள்: நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். அவர் தாமாகப் பேசும்போது அறிவுரை கூறாமல் கேட்போம். சொன்னதை வெளியே பரப்பாதிருப்போம்.

இணை: உணவு, மருத்துவமனைக்குத் துணை, இ.எஸ்.ஐ. மற்றும் இழப்பீட்டு விண்ணப்பம் ஆகியவற்றிற்கு உதவுவோம். வின்சென்ட் தே பால் சபையினரும் மரியாயின் சேனையினரும் இதில் முன்னிற்கலாம்.

நினைவில் கொள்: நாம் சேர்க்க விழையும் நான்காவது படி இது. முதல் மாதம் கூட்டம் கூடும். ஆறாம் மாதம் எவரும் வரமாட்டார். இறந்தவரின் ஆண்டு நினைவிலும் நவம்பர் 2ஆம் நாளிலும் அவர் பெயரைச் சொல்லித் திருப்பலியில் மன்றாடுவோம்.

நல்ல சமாரியர் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். பின்பு அம்மனிதரைச் சாவடிக்குக் கொண்டுபோய், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். திரும்பி வருவேன் என்ற அந்த வாக்கும் சிகிச்சையின் பகுதியே. நம் தெருவில், நம் லைன் வீட்டில், அடுத்த அறையில் காயப்பட்டுக் கிடப்பவரிடம் ஒருமுறை சென்று வந்தவர்கள், இந்த வாரம் மறுமுறையும் செல்வோமாக. உள்ளம் உடைந்தோரைக் குணப்படுத்தும் ஆண்டவர் நம் காலடிகளை வழிநடத்துவாராக. ஆமென்.