விதையில்லாத பயிர்: திருச்சி கொடிக்கால்களின் கதை

இந்த எபிசோடு ஒரு செடி செத்துப்போன கதையில் இருந்து தொடங்குது. சாகடிச்சது நான்தான்.

ஸ்ரீரங்கத்தில் எங்க வீட்டுக் கிணற்றடியில் ஒரு வெற்றிலைக் கொடி இருக்கு. மதில் நிழல், எப்பவும் ஈரம். வருஷம் முழுக்கப் பச்சை. பிடிமானம் கிடைத்தால் ஏறும். கிடைக்காத இடத்தில் தரையிலேயே படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். புல்கூட முளைக்காத அந்த மூலையை மூடி வைத்திருப்பதே அதுதான். போன கோடையில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி சென்னைக்குக் கொண்டுபோனேன். பால்கனியில் நல்லா வெயில் படுற இடமா பார்த்து வைத்தேன். பத்தே நாளில் கருகிடுச்சு. அம்மாவுக்கு போன் பண்ணினால், "வெயில்லயா வெச்சே? நிழல் இருந்தாதானேடா அது உசுரோட இருக்கும்" என்றார்.

செடின்னா வெயில் வேணும் என்பதுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்ன பாடம். ஆனால் நிழலைக் கேட்கிற ஒரு பயிரை, இவ்வளவு வெயில் அடிக்கிற காவிரிக் கரையில் எப்படி வளர்த்தார்கள்? பதில் ரொம்ப நேரடியானது. நிழலையும் சேர்த்தே பயிரிட்டார்கள்.

திருச்சியில் இருந்து கரூர் ரோட்டில் போனால் ஜீயபுரம், சிறுகமணி, பெட்டவாய்த்தலை, குளித்தலை, லாலாப்பேட்டை என்று ஊர்கள் வரும். குளித்தலையும் லாலாப்பேட்டையும் இப்போ கரூர் மாவட்டம். 1995 வரை அவையும் பழைய திருச்சி மாவட்டம்தான். வெற்றிலைக்குப் பேர்போன பகுதி இது. வெற்றிலைத் தோட்டத்துக்கு இங்கே பேர் கொடிக்கால்.

கொடிக்காலில் முதல் வேலை வெற்றிலை நடுவது இல்லை, அகத்தி விதைப்பது. விதைத்து சுமார் 45 நாள் கழித்துதான் வெற்றிலைக் கொடி மண்ணுக்கு வரும். கொடி ஏறுகிற கம்பமும் அகத்திதான், மேலே கூரையும் அகத்திதான். பயறு வகைக் குடும்பம் என்பதால் காற்றில் இருக்கிற நைட்ரஜனை மண்ணில் சேர்க்கவும் செய்யும். சுமார் 4 மீட்டர் உயரத்தில் நுனியை வெட்டி, நிழலை அளவோடு வைத்துக்கொள்வார்கள். வெட்டிய தழை ஆட்டுக்குப் போகும், கீரையாக வீட்டுக்கும் போகும். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் துவாதசி அன்னைக்கு அகத்திக்கீரை சாப்பிடுவதை ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொடி வளர வளர, 15, 20 நாளைக்கு ஒரு தடவை வாழை நாரால் அகத்தியோடு கட்டணும். மண் எப்பவும் ஈரமா இருக்கணும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் வேரும் அடித்தண்டும் அழுகி வாடிவிடும். ஒரு வருஷத்தில் கொடி 3 மீட்டர் ஏறிடும். அதுக்கு மேல விட்டால் இலை சிறுத்துப் போகும். அதனால் மார்ச், ஏப்ரல் வாக்கில் கொடியை அவிழ்த்து இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் பதிக்கிறார்கள். வளைந்த கணுக்களில் இருந்து புதுக் கொடிகள் கிளம்பும். கிணற்றடியில் எங்க வீட்டுக் கொடி தானாகச் செய்கிற வேலையைத்தான் கொடிக்காலில் கையால் செய்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இங்கே வளர்க்கிற வெற்றிலையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. பூவே அபூர்வம். பூ, காய் எதுவும் இல்லாமல் வெறும் இலை மட்டும் தருவதால் 'வெற்று இலை', அதுவே வெற்றிலை ஆனது என்று பேருக்கு விளக்கம் சொல்வார்கள். ஒரு கொடியை வெட்டித்தான் அடுத்த கொடி. நம்ம பாஷையில் சொன்னால், காப்பி, பேஸ்ட்.

இதை மனசில் வைத்துக்கொண்டு பழைய கதைகளைப் பாருங்க. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே மாதரியின் அடைக்கலத்தில், கண்ணகி சமைத்துப் பரிமாறிய பிறகு கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கும் பொருள் கணக்கில் வெற்றிலை, பாக்கு வருது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயல் பட்டினத்து மக்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்வதை எழுதி வைத்திருக்கிறார். அத்தனை நூற்றாண்டும் இந்தப் பயிர் கொடியில் இருந்து கொடியாக, கைமாறிக் கைமாறித்தான் வந்திருக்கு. நடுவில் எங்கேயும் விதைப் பானை கிடையாது.

நெல் விவசாயி ஒரு வருஷம் மழை பொய்த்தால் விதையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கொடிக்கால்காரருக்கு அந்த வசதி இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்படி ஒரு வருஷத்தில் தண்ணீர் நின்றால் கொடி போகும். சிறுகமணி ஆராய்ச்சி நிலையம் எஸ்.ஜி.எம். 1 என்ற வெற்றிலை ரகத்தையே தந்திருக்கு. அந்த ரகமும் எங்கேயாவது ஒரு நிழலில் உயிரோடு இருந்தால்தான் உண்டு. சர்வர் ஓடிக்கிட்டே இருக்கணும், பேக்கப் கிடையாது.

வெற்றிலை போடுங்கன்னு நான் சொல்ல வரலை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஏற்கனவே அறிவித்துவிட்டது. புகையிலை பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் பழக்கம் குறையும்போது கொடியும் சத்தமில்லாமல் போய்விடக்கூடாது என்பதுதான் என் கவலை.

போன மாசம் ஊருக்குப் போனப்போ இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை வடக்குப் பக்க ஜன்னல், நேர் வெயில் இல்லை, தொட்டிக்கு அடியில் ஓட்டை. கம்பு எதுவும் நடவில்லை, தரையிலேயே படரட்டும்னு விட்டிருக்கேன். இரண்டு கணுவில் வேர் பிடிச்சிருக்கு.

உங்க வீட்டுக் கொல்லையில் ஒரு கொடி இருந்தால், அது யார் வீட்டில் இருந்து வந்ததுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு ஒரு துண்டு வெட்டி யாருக்காவது கொடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.