சேன் பியேரில் எங்கே சாப்பிடுவது?

காலையில் கடற்கரையில் நடக்கும்போது என்னை நிறுத்திக் கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். "பெண்ணுக்கு ரெயூனியோனில் வேலை கிடைத்திருக்கிறது, நாங்களும் இரண்டு மாதம் போகப் போகிறோம், அங்கே நம் வாய்க்குப் பிடித்த மாதிரி சாப்பாடு கிடைக்குமா?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் தங்கியது தீவின் தெற்கில் இருக்கும் சேன் பியேர் நகரத்தில். இரண்டு தடவை போய், தடவைக்கு மூன்று மாதம் இருந்தேன். ஆகவே இது அந்த ஊரைப் பற்றியது மட்டும்.

எழுதத் தொடங்கியதும் ஒன்று புரிந்தது. அந்த ஊரில் எதை எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்கு, யார் யார் எப்போது கப்பலில் வந்து இறங்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் சரித்திரம் கலந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் படிக்கப் போன இடத்தில் அந்தத் தீவுக்காரப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். சம்பந்தி பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் தமிழர்கள். ஆனால் அவருக்குத் தமிழ் பேச வராது. கோயிலில் சொல்லும் பாட்டுகள் மட்டும் மனப்பாடம். எங்கள் பேச்சு முழுக்கப் பிரெஞ்சில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்து 'பிரவே' பாஸ் செய்த படிப்பு, வேலையில் இருந்தபோது உதவியதைவிட சம்பந்தியோடு பேசத்தான் எனக்கு அதிகம் உதவியது. முதல் வாரம் நான் அவருக்கு 'மிசியே', அவர் எனக்கு 'மிசியே'. பிறகு சம்பந்தி என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுத்தேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போய், கடைக்காரர்களிடமெல்லாம் "இவர் என் சம்பந்தி" என்றே அறிமுகம் செய்ய ஆரம்பித்தார்.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலையொட்டி நீளமான சாலை, அதை அடுத்து மணல். சற்றுத் தொலைவில் பவளப்பாறைகள் அலையைத் தடுத்து நிறுத்துவதால், கரையோரத் தண்ணீர் குளம் போல இருக்கும். பாறைக்கு வெளியே சுறாக்கள் இருப்பதால் அங்கே குளிக்கத் தடை. நகராட்சிக் கட்டடம், அதாவது அவர்களுடைய 'மேரி', ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கிடங்காக இருந்தது. தீவில் விளைந்த காப்பி அங்கே சேர்ந்து கப்பலேறியது. காப்பிக்குப் பிறகு கரும்பு வந்தது. கரும்பு வந்ததால்தான் நம் ஆட்கள் அங்கே போனார்கள்.

சனிக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் சந்தை கூடும். முதல் வேலையாக அங்கே போங்கள். சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு. சந்தையில் காய்கறிகளின் பெயரைக் காதால் கேளுங்கள். கறிவேப்பிலை அங்கே 'கலுபிலே'. கொத்தமல்லி 'கொத்தொமிலி'. பீர்க்கங்காய் 'பிபாங்காய்'. முருங்கைக்கீரை 'ப்ரேத் முரும்'. கீரை எல்லாமே 'ப்ரேத்'தான். 'ப்ரேத் மொரேல்' என்று கட்டுக்கட்டாக வைத்திருப்பதைக் கிள்ளிப் பார்த்தால் நம் மணத்தக்காளிக் கீரை. விற்கிற அம்மாளுக்கு ஆப்பிரிக்க முகம். "கலுபிலே, மிசியே?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சு போன பிறகும் அந்தச் சொல் நூற்றைம்பது வருஷம் கடைத்தெருவில் பிழைத்திருக்கிறது.

பசியாற நின்றுகொண்டே சாப்பிடும் பண்டங்கள் மூன்று. ஒன்று 'போன்போன் பிமான்'. ஊறவைத்து அரைத்த பருப்பில் பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் போட்டு எண்ணெயில் பொரிப்பது. நடுவில் ஓட்டைகூட இருக்கும். வடைதான், வேறு என்ன? இரண்டாவது சமூசா. சிறியதாக, மொறுமொறுவென்று இருக்கும். அதைக் கொண்டுவந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணி வியாபாரம் செய்ய வந்த குஜராத்தி முஸ்லிம்கள். மூன்றாவது 'பூஷோன்'. இறைச்சியை மாவில் மடித்து ஆவியில் வேகவைத்தது. இது மளிகைக் கடை வைத்துப் பிழைத்த சீனர்களுடையது. பெரும்பாலும் பன்றி இறைச்சி, கோழியிலும் உண்டு. வேண்டாதவர்கள் கேட்டு வாங்கவும். பிள்ளைகள் இந்தப் பூஷோனை நீள ரொட்டிக்குள் அடைத்து, மேலே சீஸ் உருக்கிச் சாப்பிடுகிறார்கள். என் பல்லுக்கு அது ஒத்துவரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு நேரம் முக்கியம். பன்னிரண்டுக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு மணிக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் போய் நான் இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். கடலைப் பார்த்து மேசை போட்டிருக்கும் இடங்களில் காற்று நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சம்பந்தியின் யோசனை வேறு. உள்தெருக்களில் 'ஸ்நாக்' என்று பலகை போட்ட சிறிய கடைக்குப் போங்கள். அலுவலகக்காரர்களும் மேஸ்திரிகளும் வரிசையில் நிற்கிற கடையாகப் பாருங்கள். அங்கே 'பார்கெட்' என்று ஒரு பெட்டியில் சாப்பாடு கட்டித் தருவார்கள். நான் போனபோது 7, 8 யூரோ. வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்து உட்கார்ந்துவிடலாம்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். அடியில் சோறு. அதன்மேல் 'க்ரேன்', அதாவது காராமணி, பட்டாணி, மைசூர்ப் பருப்பு மாதிரி ஏதாவது ஒன்று. பக்கத்தில் 'காரி'. கொஞ்சம் கீரை. ஓரத்தில் 'ருகாய்'. இந்த ருகாய் நம் ஊறுகாய் என்ற சொல்தான் என்கிறார்கள். ஆனால் ஜாடியில் ஊறுவதில்லை. தக்காளியோ மாங்காயோ, வெங்காயம், இஞ்சி, மிளகாயோடு அப்போதே இடித்து வைப்பது. இடிக்கிற கல்லுக்குப் பெயர் 'கலூ'. என் காதில் அது 'கல்லு' என்றுதான் விழுந்தது. பட்டியலில் 'ருகாய் சோசீஸ்' என்று இருந்தால் மட்டும் ஏமாறாதீர்கள். அது ஊறுகாய் அல்ல, பன்றி இறைச்சி சோசீஸ் போட்ட குழம்பு. 'சஃப்ரான்' என்று எழுதியிருந்தால் குங்குமப்பூ என்று மகிழ வேண்டாம், அது மஞ்சள்.

இந்தச் சோறும் பருப்பும் வந்த வழி சுகமானது அல்ல. 1848 டிசம்பர் 20-ஆம் தேதி அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். நம் கடற்கரையிலிருந்து ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றினார்கள். 1860-ல் பிரிட்டிஷ் அரசோடு உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு அவர்கள் ஆட்சியில் இருந்த பகுதிகளிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அங்கே நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்ததால் 1882-ல் பிரிட்டிஷார் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். கூலியோடு அரிசி, பருப்பு, கருவாடு என்று படியளந்தார்கள். அவர்களுக்கு அங்கே 'மல்பார்' என்று பெயர். சோழமண்டலக் கரையில் ஏறியவர்களுக்கு மலபார்ப் பெயர்!

சாயங்காலம் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் 'தேர் சேந்த்' என்ற மீனவர் பகுதிக்கு நடந்து போங்கள். ஆலமரத்தடியில் கிழவர்கள் தோமினோ ஆடிக்கொண்டிருப்பார்கள். மீன் காரி சாப்பிட ஏற்ற இடம் அந்தப் பக்கம். புளி குறைவு, தேங்காய் கிடையாது, தக்காளியும் மஞ்சளும் தூக்கலாக இருக்கும். இரவில் சாலையோரம் 'கமியோன் பார்' என்று வண்டிக் கடைகள் நிற்கும். ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தருவார்கள். பெரியவர்களுக்கு அது வேண்டாம்.

சைவக்காரர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னால் சில கடைகளில் மீன் வைத்துவிடுவார்கள். "நான் கரேம் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தீமிதிக்கும் காவடிக்கும் விரதம் இருப்பதை மல்பார்கள் 'கரேம்' என்றே சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களின் சொல்லை எடுத்துத் தங்கள் விரதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதைச் சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் புரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் தேடாதீர்கள். நல்ல சமையல் எல்லாம் அன்று கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடும். விடியற்காலையிலேயே யாராவது ஒருவர் போய்ச் சவுக்குமரத்தடியில் இடம் பிடிப்பார். பின்னாலேயே குடும்பம் தேக்சாவோடு வரும். யாராவது கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். 'கப்ரி மசாலே' என்ற ஆட்டுக்கறியை நான் சாப்பிட்டது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முதல் நாள் கோயிலில் வெட்டிய கிடா. வாழையிலை போட்டுப் பரிமாறினார்கள். ஒரு வாய் வைத்ததும் என் பாட்டி அம்மியில் அரைத்த மசாலா நினைவுக்கு வந்தது.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்குச் சம்பந்தி ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய தகப்பனார் கரும்பு ஆலைத் தொழிலாளி. தன் பாட்டனின் ஊர் எது என்று கேட்டு, ஆசிரியர் ஒருவரைக் கொண்டு இந்தியாவுக்கு எழுதியிருக்கிறார். வந்த பதில் இரண்டே வரி: 'தேடியும் கிடைக்கவில்லை.' பிரெஞ்சில் அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. கையெழுத்து என்னுடையது அல்ல. ஆனால் அதே வாக்கியத்தை நானும் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் தீவிலிருந்து அப்படிக் கடிதங்கள் வரும். பிரெஞ்சு தெரிந்தவன் என்று என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். 'ராமசாமி, பிறப்பு சுமார் 1845, புதுச்சேரி' என்று இருக்கும். எந்த ராமசாமி? பாதிப் பேர் நம் ஊர்க்காரர்களே அல்ல. தஞ்சாவூர், தென்னார்க்காடு பக்கத்திலிருந்து வந்து இங்கே கப்பலேறியதால் புதுச்சேரி என்று எழுதப்பட்டவர்கள். கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பதிவேட்டைத் திறக்காமலே 'தேடியும் கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

நாலு நாள் கழித்துச் சம்பந்தியிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தேடியிருந்தால் கிடைத்திருக்குமா?"

"நூறில் ஒன்று கிடைத்திருக்கலாம்" என்றேன்.

"அப்படியானால் நூறில் ஒரு பங்கு கடன் உங்கள் பேரில் இருக்கிறது, சம்பந்தி" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

ஊருக்குப் புறப்படும்போது ஒரு தாளில் அந்தப் பாட்டனின் பெயர், வயது, தகப்பன் பெயர், தீவில் கொடுக்கப்பட்ட எண், வந்து இறங்கிய மாதம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் 'மத்ரிகுல்' என்று ஓர் எண் இருந்தது. அங்கே ஆவணக் காப்பகத்தில் கேட்டால் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் பழைய பதிவேடுகளைப் பார்த்துவருகிறேன். இப்போது நான் ஓய்வு பெற்றவன், அனுமதி கேட்டு வரிசையில் நிற்கிறேன். கண் ஒத்துழைப்பதில்லை. இதுவரை கிடைக்கவில்லை. இந்தத் தடவை தேடியும் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சுருக்கமாக: சனிக்கிழமை சந்தை, பன்னிரண்டு மணிக்கு ஸ்நாக், சாயங்காலம் தேர் சேந்த், ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிட்டாலும் மறுக்காதீர்கள். மிளகாயைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அவர்களுடையது நம்முடையதைவிடக் காரம். உங்கள் வீட்டில் யாராவது 'புர்போன்' போய்த் திரும்பவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், பெயரையும் ஊரையும் எனக்கு எழுதுங்கள். பாட்டனாரின் ஊரைத் தேடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். போனவரைத் தேடுகிறவர்கள் இங்கேயும் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.