பித்தாஹோன்

யூத சமயத்தில் இறைவனைச் சார்ந்து வாழும் மன உறுதியைக் குறிக்கும் எபிரேயச் சொல். கடவுளை உண்மையென ஏற்கும் பற்று 'எமுனா'. அவரிடம் தன் பிழைப்பையே ஒப்படைத்து நடப்பது பித்தாஹோன். தமிழில் இரண்டையும் 'நம்பிக்கை' என்றே எழுதுவதால் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது.

கட்டளைகளை (மிட்ஸ்வா) விட்டுப் பித்தாஹோன் தனியே நிற்பதில்லை. மரபுக் கணக்கில், யூத மறைநூலான தோராவின் கட்டளைகள் 613. செய்யச் சொல்பவை 248, விலக்குபவை 365. இவற்றுள் பித்தாஹோனைக் கடுமையாகச் சோதிப்பது 'ஷ்மித்தா' எனும் ஏழாம் ஆண்டு ஓய்வு. அவ்வாண்டில் இஸ்ரேல் நாட்டு நிலத்தை உழவோ விதைக்கவோ கூடாது. தானாக விளைவது எவருக்கும் பொது. ஆறாம் ஆண்டின் விளைச்சல் மூன்றாண்டுக்குக் காணும் என லேவியராகமம் 25ஆம் அதிகாரம் வாக்களிக்கிறது. உழவனின் வயிற்றோடு நேரடியாகப் பேசும் கட்டளை இது. 2021–22 ஷ்மித்தா ஆண்டாக இருந்தது. நிலத்தை யூதரல்லாதவருக்குத் தற்காலிகமாக விற்றுச் சாகுபடியைத் தொடரும் வழக்கமும் உண்டு. அது செல்லுமா என்பதில் ரபிகளிடையே இன்னும் சச்சரவு ஓயவில்லை.

11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூடா, யூத அரபியில் எழுதிய 'இதயத்தின் கடமைகள்' நூலின் நான்காம் வாயிலை (பகுதியை) பித்தாஹோனுக்கே ஒதுக்கினார். தொழிலைக் கைவிடும்படி அவர் சொல்லவில்லை. உழைப்பதும் கடமைதான், பலனை உழைப்பே தருவதாக எண்ணுவதுதான் பிழை. 'ஹஸோன் இஷ்' எனப்பட்ட ரபி ஆவ்ரகாம் யெஷாயா கரெலிட்ஸ் (1878–1953), நினைத்தது நிச்சயம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பைப் பித்தாஹோன் என ஏற்க மறுத்தார். எதுவும் தற்செயல் அன்று என்ற தெளிவையே அவர் அப்பெயரால் குறித்தார்.