கே.ஜி.எஃப். திரைப்பாடல்களின் பலமொழிப் பதிவுகள்

கோலார் தங்கவயலைக் கதைக்களமாகக் கொண்ட 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படங்களின் (2018, 2022) பாடல்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி மொழிகளிலும் குரல் மாற்றிப் பதிவு செய்யப்பட்டவை. இயக்கம் பிரசாந்த் நீல். இசை ரவி பஸ்ரூர்.

இத்தகைய பதிவில் வாத்திய இசை பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதிய வரிகளுக்குக் குரல் மட்டும் மீண்டும் பாடப்படும். பாடகரையே மாற்றுவது வழக்கமாயினும், தாய்ப்பாசத்தைச் சொல்லும் ஒரு பாடலில் குரல் மாறவில்லை. முதல் படத்தின் கன்னட 'கர்பதி', தமிழ் 'கருவினில் எனை' இரண்டையும் அனன்யா பட் பாடினார்.

எல்லாப் பாடலும் இப்படிக் கடக்கவில்லை. கன்னடப் பதிப்பில் தமன்னா ஆடும் 'ஜோக்கே', 1970இல் வெளிவந்த 'பரோபகாரி' படப் பாடலின் மறுவடிவம். இந்தி ரசிகருக்கு அந்த நினைவு இல்லை. அங்கே 'திரிதேவ்' (1989) படத்தின் 'கலி கலி' புதுப்பிக்கப்பட்டு, மௌனி ராய் ஆடினார். மொழிபெயர்ப்பை விடப் பொருத்தமான முடிவு இது.

தங்கவயலின் மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப் முதலிய குடியிருப்புகளில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் தமிழ் பேசுபவை. 2001இல் மூடப்பட்ட இச்சுரங்கங்களின் சயனைடு மணல்மேடுகளில் படப்பிடிப்பு நடந்தது. ஆகவே தங்கவயலைப் பொறுத்தவரை தமிழ்ப் பதிவு வெளியூர்ச் சந்தைக்கானது மட்டுமன்று.