சுமை ஏறினால்தான் தெரியும்

நான் வளர்ந்த காலத்தில் பள்ளிப்பட்டுக்கு ரயில் கிடையாது. வண்டி பார்க்கணும்னா ஏகாம்பரகுப்பம், இல்லாட்டி திருத்தணி. 1871-ல் ராய்ச்சூர் வழியாகப் பம்பாய் பாதையோடு இணைந்த பழைய தடம் அது. ஹொஸ்பேட் பக்கத்து இரும்புத்தாதுவை ஏற்றிய கூட்ஸ்கள் அதில் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். தரை அதிரும், நாங்கள் பெட்டிகளை எண்ணுவோம்.

அப்புறம் கீமேன் வருவார், சுத்தியலோடு. தன் பகுதி முழுவதையும் தினமும் நடந்தே பார்ப்பது அவர் வேலை. கழன்றதைத் தட்டி இறுக்குவார். பனிக்கால விடியலில், குளிரில் சுருங்கிய தண்டவாளம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்.

அவர் கண்ணுக்கு எட்டாதவை இரண்டு. ஒன்று, இரும்புக்குள்ளே இருக்கும் விரிசல். 1911-ல் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டரில் அப்படியொரு தண்டவாளம் உடைந்து 29 பேர் இறந்தார்கள். உள்விரிசலைக் கண்டுபிடிக்க எல்மர் ஸ்பெர்ரி உருவாக்கிய வண்டி 1928-ல்தான் ஓடியது.

இன்னொன்று, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறங்கி விழும் வெற்றிடம். சும்மா கிடக்கும்போது தடம் நேராகத்தான் தெரியும். சக்கரம் ஏறினால்தான் அமுங்கும்.

நம் ரயில்வேயில் இதற்குத் தடப்பதிவு வண்டிகள் உண்டு. பெட்டியின் தரையில் வைத்துக் குலுக்கலை அளக்கும் ஓ.எம்.எஸ். கருவியும் உண்டு. ஆனால் இவை முறை வைத்து வருபவை. ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் மோனாஷ் பல்கலைக்கழக ரயில்வே ஆய்வாளர்கள் தாதுப் பெட்டியிலேயே உணரிகளைப் பொருத்தினார்கள். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது, போகி எப்படி அதிர்கிறது, அது எந்த இடம் என்பதையெல்லாம் அது ஆளில்லாமலே பதிவு செய்யும். சுமையோடு, ஒவ்வொரு நடையும்.

மென்பொருள்காரனாக எனக்கு உறுத்துவது எச்சரிக்கை எல்லைதான். குறைத்து வைத்தால் எச்சரிக்கை குவியும், யாரும் பார்க்கமாட்டார்கள். கூட்டி வைத்தால் ஏதோ ஒன்று தப்பும். அந்த எண்ணை முடிவு செய்கிறவர் தடத்தில் நடக்கிறவர் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். உணரிப் பெட்டி தான் கடந்த தடத்தைத்தான் சொல்லும். கடைசி வண்டிக்குப் பிறகு வெள்ளம் அரித்ததை அடுத்த வண்டி ஏறும்போதுதான் அறியும். அந்த இடைவெளியில், மழையில் விளக்கோடு ஒருவர் நடந்தாகணும். பெட்டி தரும் வரைபடம், அவர் எங்கே நின்று குனிந்து பார்க்கணும் என்பதைச் சொன்னால் போதும்.