மொரீஷியஸுக்குப் போன வடை, மணிலாவிலிருந்து வந்த மல்லாட்டை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரு மாசம் எபிசோட் வரல, மன்னிக்கணும். முதல்ல ஆபீஸ்ல ரிலீஸ், அது முடிஞ்சதும் ஒரு ட்ரிப். இப்போ ஊருக்கு வந்து, திருவண்ணாமலையில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். இன்னைக்குப் பௌர்ணமி. பின்னால கேக்குற சத்தம் கிரிவலக் கூட்டம், அதை எடிட்ல எடுக்கப் போறதில்ல. பக்கத்துல ஒரு பொட்டலம் வேகவெச்ச மல்லாட்டை இருக்கு. சென்னைக்காரங்களுக்கு: வேர்க்கடலை. இந்தப் பொட்டலத்துக்குக் கடைசியில திரும்ப வருவோம்.

ட்ரிப் மொரீஷியஸுக்கு. காலேஜ் நண்பர்கள் நாலு பேர். எங்க ரூல் ஒண்ணே ஒண்ணு: ஹோட்டல் பஃபே கிடையாது, லோக்கல் சாப்பாடு மட்டும்தான்.

முதல் நாள் காலையில போர்ட் லூயிஸ் மார்க்கெட் பக்கம் ஒரு தள்ளுவண்டி. எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க, நாங்களும் நின்னோம். நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ள நாலஞ்சு சூடான உருண்டையை அமுக்கிக் கொடுத்தாங்க. பேர் 'காத்தோ பிமா'. பிரெஞ்சு வார்த்தைதான், அர்த்தம் 'மிளகாய் கேக்'. என் நண்பன் ஒரு கடி கடிச்சான். ரெண்டாவது கடிக்கு முன்னால என்னைப் பார்த்தான்.

"மச்சி, இது பருப்பு வடைடா. இதுக்கா EMI போட்டு டிக்கெட் எடுத்தோம்?"

சரிதான். ஊற வெச்ச பருப்பைக் கரகரன்னு அரைச்சு, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி போட்டு எண்ணெயில பொரிச்சது. நம்ம டீக்கடை வடையோட நெருங்கின சொந்தம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்து போய் அதை ரொட்டிக்குள்ள வெச்சுச் சாப்பிடுறோம். நான் உடனே மனசுக்குள்ள ரீல் கேப்ஷன் எழுத ஆரம்பிச்சுட்டேன்: 'உலகத்துக்கே வடை கொடுத்தவன் தமிழன்'. அதை ஏன் போஸ்ட் பண்ணலங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

லோக்கல் ஆட்களே இல்லாத தீவு

மொரீஷியஸ்ல பூர்வகுடிகள்னு யாருமே கிடையாது. 1598-ல டச்சுக்காரங்க வந்து இறங்கினப்போ அங்க மனுஷங்க குடியிருப்பே இல்ல. டோடோ பறவைதான் இருந்தது, அதையும் அடுத்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள அழிச்சுட்டாங்க. 1710-ல டச்சுக்காரங்க கிளம்பினாங்க. 1715-ல பிரெஞ்சுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. 1810-ல பிரிட்டிஷார் பிடிச்சாங்க. 1968 மார்ச் 12-ல சுதந்திரம்.

அப்போ அந்த ஊர்ல 'லோக்கல் சாப்பாடு'ன்னு நாங்க தேடினது எல்லாமே கப்பல்ல வந்ததுதான். ரொட்டி பிரான்ஸ். நூடுல்ஸ் சீனா. ரெண்டு ரெண்டா அடுக்கித் தர்ற 'தால் பூரி' பீகார். இதுல யார் விருப்பப்பட்டு வந்தாங்க, யாரை ஏத்தி அனுப்பினாங்கங்கிறதுதான் கேள்வி.

பிரெஞ்சுக் காலத்துல மடகாஸ்கர்லயிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவுலயிருந்தும் அடிமைகளைக் கொண்டு வந்தாங்க. 1735-ல கவர்னரா வந்த லா பூர்தொனே, துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலயிருந்து கொத்தனார், தச்சர்களைக் கூட்டிட்டு வந்தார். அந்தத் தீவுல தமிழர்கள் கால் வெச்சது கரும்புக்கு முன்னாடியே, கட்டட வேலைக்கு.

1835-ல பிரிட்டிஷார் அங்க அடிமை முறையை ஒழிச்சாங்க. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேணும். அதுக்கு முந்தின வருஷமே ஏற்பாடு தொடங்கிடுச்சு: 1834-லயிருந்து இந்தியாவுல ஆள் பிடிச்சு, அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கப்பல் ஏத்தறது. 1920 வரைக்கும் இப்படி வந்தவங்க கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேர். பெரும்பாலானவங்க பீகார், உத்தரப் பிரதேசப் பக்கம். ஆனா மெட்ராஸ் துறைமுகம் வழியாவும் ஆயிரக்கணக்குல போனாங்க. தஞ்சாவூர், திருச்சியோட ஆற்காடு ஜில்லாக்களும் ஆள் பிடிச்ச இடங்கள்தான். 1989-ல தனி மாவட்டம் ஆகறவரைக்கும் எங்க திருவண்ணாமலை வட ஆற்காடு. அங்க நின்னு இதை யோசிச்சப்பதான் அந்த வடை தொண்டையில கொஞ்சம் நின்னது.

ஒப்பந்தத்துல எழுதின சாப்பாடு

ஆரம்ப கால ஒப்பந்தங்கள்ல கூலி மாசம் 5 ரூபாய். கூடவே ரேஷன்: அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் மாதிரி சிலது. ஒரு நாள் வேலைக்கு வரலைன்னா ரெண்டு நாள் கூலியைப் பிடிச்சாங்க. அதுக்குப் பேரே 'டபுள் கட்'. நம்ம ஆபீஸ்ல லாஸ் ஆஃப் பேன்னு புலம்பறோமே, அதை ரெண்டால பெருக்கி, லீவு போட்டா ஜெயில்கிற பயத்தையும் சேர்த்துக்கோங்க.

அவங்க வந்து இறங்கின இடம் இன்னும் போர்ட் லூயிஸ்ல இருக்கு. 'ஆப்ரவாசி காட்'. 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச்சு. முன்னாடி அதோட பேர் 'கூலி காட்'. கடல்லயிருந்து மேல ஏறுற கல்படிகள் அப்படியே இருக்கு. ஏறி வந்தவங்களை ரெண்டு நாள் அங்க வெச்சுருந்து, பதிவு பண்ணி, தோட்டங்களுக்குப் பிரிச்சு அனுப்பினாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண். நம்ம பாஷையில சொன்னா பிரைமரி கீ. பேரை எழுதினது தமிழ் தெரியாத குமாஸ்தா. முனியப்பன் 'மூனியாப்பென்' ஆகி, அதுவே பரம்பரைக்கும் குடும்பப் பேரா நின்னுடுச்சு.

ரேஷன்ல அரிசியும் பருப்பும் இருந்தது. கீரையும் காயும் இல்ல. அதை வீட்டைச் சுத்தி அவங்களே நட்டுக்கிட்டாங்க. மார்க்கெட்ல அது நல்லா தெரிஞ்சது.

காய்கறிக்கடையில கேட்ட தமிழ்

மூணாவது நாள், மார்க்கெட்ல காய் விக்கிற ஒரு அம்மா. எழுபது வயசு இருக்கும். கழுத்துல தாலி மாதிரி ஒண்ணு. நான் ஆசையா, "அம்மா, தமிழ் தெரியுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க, தெரியாது. கிரியோல்ல ஏதோ சொன்னாங்க. பக்கத்துக் கடைப் பையன் இங்கிலீஷ்ல சொன்னான்: அவங்க பாட்டன் முப்பாட்டன் மெட்ராஸாம், அதுக்கு மேல தெரியாதாம்.

சரின்னு நான் ஒரு கொத்து இலையைக் காட்டி, இது என்னன்னு கேட்டேன்.

"கறிபுலே."

கறிவேப்பிலை. அடுத்து முருங்கைக்கீரைக் கட்டைத் தொட்டேன். "ப்ரெத் மூரூம்." ப்ரெத்னா கீரை, மூரூம் நம்ம முருங்கை. பீர்க்கங்காயைத் தூக்கிக் காட்டினேன். "பிபாங்காய்." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவங்களுக்கும் வந்துடுச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு வாக்கியம்கூடப் பேசிக்க முடியாது. ஆனா காய் வாங்க முடியும்.

அதுக்கப்புறம் சாப்பாட்டுல எல்லாம் காது வெச்சுக் கேட்க ஆரம்பிச்சோம். ரசத்துக்கு 'ரசோன்'. தக்காளியும் வெங்காயமும் வதக்கிச் செய்யற 'ரூகாய்' இருக்கு, அந்தப் பேரே 'ஊறுகாய்'லயிருந்து வந்ததுன்னு ஒரு விளக்கம் உண்டு. கல்யாணத்துலயும் தைப்பூசக் காவடி முடிஞ்ச பிறகும் வாழை இலை போட்டு ஏழு வகைக் கறி பரிமாறுவாங்க. அதுக்குப் பேர் 'செத் காரி'. பயப்படாதீங்க, 'செத்'னா பிரெஞ்சுல ஏழு. தைப்பூசத்துக்கு அந்த நாட்டுல அரசு விடுமுறை.

ரூபாய் நோட்டுலயும் தமிழ் இருக்கு. 1998-ல புது நோட்டு அடிச்சப்போ, இங்கிலீஷுக்கு அடுத்து வழக்கமா இருந்த தமிழை ஹிந்திக்குக் கீழ தள்ளிட்டாங்க. தமிழர்கள் கொதிச்சுட்டாங்க. மத்திய வங்கி அந்த நோட்டுகளையே வாபஸ் வாங்கிப் பழைய வரிசையில திரும்ப அடிச்சது. வீட்டுல தமிழ் பேசறவங்க ரொம்பக் குறைஞ்சு போன ஊர்ல நடந்த சண்டை இது. கையை விட்டுப் போன ஒண்ணோட கடைசி அடையாளத்துக்காகச் சண்டை போடுறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதனாலதான் கேப்ஷனை அழிச்சேன். 'உலகத்துக்கு வடை கொடுத்தோம்'னு சொன்னா, ஏதோ நாம பெருமையா தாம்பாளத்துல வெச்சுக் கொடுத்த மாதிரி இருக்கு. போனவங்க கூலியா போனாங்க. மொழியை, பேரை, ஊரை ஒவ்வொண்ணா இழந்தாங்க. நாக்குல இருந்தது மட்டும் தங்குச்சு.

இப்போ இந்தப் பொட்டலம்

இன்னொரு காரணமும் இருக்கு. ஊருக்குத் திரும்பினதும் நண்பர்களைக் கிரிவலத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். பதினாலு கிலோமீட்டர். பாதி வழியில உட்கார்ந்து மல்லாட்டை தின்னுட்டிருந்தோம். அதே நண்பன் கேட்டான்: "அது என்னடா மல்லாட்டை? எந்த ஊர் வார்த்தை?"

மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. மணிலா பிலிப்பைன்ஸோட தலைநகரம். அந்த நாடும் தீவுகள்தான். இந்தக் கொட்டையோட பூர்வீகம் தென் அமெரிக்கா. ஸ்பானியர்கள் பசிபிக் தாண்டி மணிலாவுக்குக் கொண்டு போனாங்க. நம்ம பக்கம் அது வந்த வழியைப் பேரே சொல்லுது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில ஆற்காட்டுச் செம்மண்ணுல விளைஞ்ச மணிலாக்கொட்டை, புதுச்சேரித் துறைமுகம் வழியா பிரான்ஸோட மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் மூட்டை மூட்டையா போச்சு. அந்தக் காலத்துல நம்ம கடற்கரையிலயிருந்து கொட்டையும் கப்பல் ஏறுச்சு, ஆளும் கப்பல் ஏறினாங்க.

வடையில இருக்கிற மிளகாயும் அப்படித்தான். போர்த்துகீசியர்கள் மூலமா 16-ஆம் நூற்றாண்டுல வந்தது. மிளகு மாதிரி காரமான காய், அதனால மிளகாய்னு பேர் வெச்சோம். எங்க ஊர் ராஜகோபுரம், 217 அடி, கிருஷ்ணதேவராயர் காலத்துல தொடங்கினது. அந்த வேலைக்கு முதல் கல் தூக்கின ஆட்கள் மதியம் சாப்பிட்ட குழம்புல காரம் மிளகுல இருந்துதான் வந்திருக்கும். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவங்க பார்த்தே இருக்க மாட்டாங்க.

மார்க்கெட்ல இருந்த அம்மாவுக்கு பிபாங்காய் எவ்வளவு லோக்கலோ, எனக்கு மல்லாட்டை அவ்வளவு லோக்கல். ஒரு வித்தியாசம், கொட்டை வந்த பாதையைப் பேர்ல வெச்சுக்கிட்டோம். கப்பல் ஏறிப் போன மனுஷங்க பேரைத்தான் மறந்துட்டோம்.

எங்க வீட்டுலயே அப்படித்தான். எங்க ஆயா சொல்ற பழைய கதைகள்ல ஒருத்தர் வருவார்: 'தீவாந்தரம் போனவன்'. அவ்வளவுதான். மொரீஷியஸ்ல மோக்காங்கிற ஊர்ல மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கு. அந்தக் குடியேற்றப் பதிவேடுகள் எல்லாம் அங்கதான். பேர், அப்பா பேர், ஊர், சிலதுக்கு போட்டோகூட உண்டு. நான் டேட்டாபேஸ்ல வேலை செய்யறவன். எந்தப் பேரைப் போட்டுத் தேடறது? எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. எந்தத் தீவுன்னுகூடத் தெரியல.

நேத்து ஆயாகிட்ட இந்த ட்ரிப் கதையெல்லாம் சொன்னேன். கடலைப் பத்திக் கேக்கல, பீச்சைப் பத்திக் கேக்கல. ஒண்ணுதான் கேட்டாங்க.

"அங்க பீர்க்கங்கா கெடைக்குதாடா?"

"கெடைக்குது ஆயா. பிபாங்காய்னு சொல்றாங்க."

ரெண்டு தடவை அதைச் சொல்லிப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசல.

"அப்ப அவன் சோத்துக்குக் கஷ்டப்பட்டிருக்க மாட்டான்."

நான் ரேஷன், டபுள் கட் எதையும் சொல்லல.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கறேன். உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா, ரங்கூன், சிலோன், மலேயா, நேட்டால், மொரீஷியஸ், எங்கயாவது போய்த் திரும்பாதவங்க பேர் கேட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க. பேர், அப்பா பேர், ஊர். மூணு ஃபீல்டு போதும், தேடறதுக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். மல்லாட்டை ஆறிடுச்சு, நான் கிளம்பறேன்.